குழாயை மூன்று நிமிடம் ஓடவிடவும்

குடிநீர் ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலைக் கையேட்டில், இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மாதிரி எடுக்கும் முன் குழாயின் வாயைத் துடைத்து, கிருமி சாகச் சுடர் காட்டி, தண்ணீரை மூன்று நிமிடம் ஓடவிடவும். எழுதியது யாரோ தெரியாது, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் சாம்பிளம்மா பதினோரு வருஷம் ஓட்டினாள் என்றால் கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை.

சாம்பிளம்மா என்பது, ஆணையத்துக்காகத் தண்ணீர் சாம்பிள், அதாவது மாதிரி எடுக்கும் அவளுக்குக் குழாய் வேலைக்காரர்கள் வைத்த பெயர். ஐம்பத்தாறு வயது. தோளில் ஐஸ் பெட்டி, பையில் புட்டிகள், கைக்கடிகாரம் மணிக்கட்டின் உட்புறம். புட்டியைப் பிடித்தபடியே நேரம் பார்க்க அதுதான் வசதி. நகரத்துக்குத் தண்ணீர் விடுவது ஒரு தனியார் கம்பெனி. அதற்கு உரிமம் கொடுத்தது ஆணையம். கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? தண்ணீர் சுத்தமா, மேல்மாடிவரை ஏறுகிறதா, குழாய் உடைந்தால் சொன்ன நாளுக்குள் அடைக்கிறார்களா என்று கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பு என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைப்போம். கடைசியில் அது ஒரு மனுஷி காலையில் எழுந்து போய்க் குழாயடியில் நிற்பதுதான்.

அவள் தனியாக நிற்கக் கூடாது. கம்பெனி ஆள் ஒருவர் சாட்சியாக நின்று, சீல் வைத்த புட்டியில் கையெழுத்துப் போட வேண்டும். வடக்குப் பகுதிக்கு அந்தச் சாட்சி, பகுதி மேற்பார்வையாளர். தெருவுக்கடியில் இருக்கும் வால்வுகளைத் திருகும் ஆளுயரச் சாவியை வண்டியில் எப்போதும் வைத்திருப்பதால் ஊரே அவரைச் சாவிக்காரர் என்றுதான் சொல்லும். மனைவி இறந்து பதினைந்து வருஷம். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில். அதிகம் பேச மாட்டார். பேசினால், பேச்சு முடிந்த பிறகுதான் அதில் ஒரு கிண்டல் இருந்ததே நமக்கு உறைக்கும்.

ஆணையத்துக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் ஒட்டி உறவாடக் கூடாது என்று சட்டம் கறாராக இருந்தது. நியாயம்தான். பூனையையும் பாலையும் ஒரே அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் ஊர் சிரிக்காதா? அதனால் தொடர்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. கம்பெனி ஆளைச் சந்தித்தால் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன பேச்சு, எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். சொந்த முறையில் பழகவே கூடாது. ஒருவர் வேலையை விட்டாலும் அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருஷம் இதே கதைதான். கம்பெனி வளாகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

"நீங்க விடுற தண்ணியத்தான் ஊரே குடிக்குது. நான் உங்க ஆபீஸ்ல ஒரு வாய் குடிச்சா அது லஞ்சம்" என்று முதல் வருஷம் அவள் சொன்னாள்.

"அதனாலதான் மேடம் நாங்களும் குடிக்கிறதில்ல" என்றார் சாவிக்காரர். வண்டியில் ஏறி இரண்டு தெரு போன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் தன் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவாள். அவர் தன் பிளாஸ்கில் கொண்டுவருவார். மதிற்சுவர் ஓரமாக ஆறடி தள்ளி நின்று, அவரவர் தேநீரை அவரவர் குடிப்பார்கள். அவருடையதில் சர்க்கரை எவ்வளவு என்று பதினோரு வருஷமாக அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இருந்தது, அதை இங்கே சொல்லிவிடலாம்.

பதிவேட்டுச் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து இருந்தது. வேலை சாராத பொதுப் பேச்சு, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாவிட்டால் எழுத வேண்டியதில்லை. குழாய் ஓடும் நேரமோ மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் புட்டியைத் தொட முடியாது, படிவத்தை நிரப்ப முடியாது, நிற்கத்தான் முடியும். நின்றார்கள். மழை பற்றிப் பேசினார்கள். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தது ஒரு பஸ் நிலையக் குழாயடியில் அவளுக்குத் தெரிந்தது. அவள் அப்பா இறந்து பதினாறாம் நாள் வேலைக்கு வந்தபோது, ஒரு மருத்துவமனைக் குழாய் ஓடிய மூன்று நிமிஷமும் அவர் வாயே திறக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அன்றுதான் புரிந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இருவருக்கும் கூச்சம். நமக்கென்ன கூச்சம், காதல்தான்.

ஒரு சுற்றுக்கு எட்டுக் குழாய். வருஷத்துக்கு நான்கு சுற்று. அடுத்த சுற்று எப்போது என்று அவள் நாள்காட்டியைப் பார்க்கும் விதத்தை அவள் அக்கா கவனித்துக்கொண்டே இருந்தாள். தங்கையும் அக்காவும் சேர்ந்து ஒரு இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அக்காவின் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"குழாயப் பாக்கப் போறதுக்கு யாருடி ரெண்டு தடவ தலை சீவுவா?" என்பாள்.

"காத்து அடிக்குதுக்கா."

"அடிக்கட்டும், அடிக்கட்டும். வருஷத்துக்கு நாலு தடவதான் அடிக்குது."

அந்த வருஷம் அதுவும் மூன்றாகிவிட்டது. மழைக்காலச் சுற்றுக்குச் சாவிக்காரர் வரவில்லை, கண்ணில் புரை அறுவை சிகிச்சை. பதிலுக்கு வந்த இளைஞன் எட்டுக் குழாயிலும் மூன்று மூன்று நிமிஷம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாம்பிளம்மாவுக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. போன் பண்ணி விசாரிக்க அவளுக்கு வழியில்லை. எப்படி இருக்கிறார் என்று யாரிடமாவது கேட்டால் அதுவே ஒரு பதிவாகிவிடும். ஆறு மாதம் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றுக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போதுதான் பள்ளிக்கூடப் புகார் வந்தது.

புகார் கொடுத்தவள் ஒரு தையல்காரி. ஏழு வயது மகளுக்கு ஓயாத வயிற்றுவலி, சோர்வு. ரத்தப் பரிசோதனையில் ஈயம் இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் எண்பது வருஷக் கட்டிடம், தெருக் குழாயிலிருந்து உள்ளே வரும் இணைப்பு பழைய ஈயக் குழாயாக இருக்கலாம் என்று யாரோ சொல்ல, ஆணையத்துக்கு எழுதிவிட்டாள்.

ஈயத்துக்கு மாதிரி எடுக்கும் முறை வேறு. இரவெல்லாம் குழாய்க்குள் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் ஈயம் இறங்கும். காலையில் திறந்ததும் விழும் முதல் தண்ணீரை, ஒரு சொட்டுக்கூடக் கீழே விடாமல் புட்டியில் பிடிக்க வேண்டும். ஓடவிட்டால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், பின்னால் வருவது தெருவின் நல்ல தண்ணீர். கையேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம். சிவப்பு மூடிப் புட்டி. சாம்பிளம்மா அதைப் புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவள்.

முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக் காவலாளி முன்னால் குழாயைப் பூட்டிச் சீல் வைத்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனால், வாசலில் சாவிக்காரர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இப்ப நல்லாத் தெரியுதா சார்?" என்று கேட்டாள்.

"தெரியுது மேடம். போன சுற்றுலயே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்."

சின்னப் பிள்ளைகளுக்காக இடுப்பளவு உயரத்தில் வைத்த குழாய்கள், வரிசையாக ஐந்து. நடுக்குழாயின் சீலை அவள் பிரித்தாள். துடைத்தாள். சுடர் காட்டினாள். குழாயைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஆயிரம் தடவை செய்த கை, ஆயிரத்தோராவது தடவையும் செய்தது.

"இத்தன வருஷமா நாம தண்ணிய ஓடவிட்ட நேரத்த ஒருநாள் கூட்டிப் பாத்தேன்" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "பதினேழு மணி நேரமும் கொஞ்சமும் வருது. ஒரு முழு நாள்கூட ஆகல."

"அவ்வளவு தண்ணியும் வீண்தானா மேடம்?" என்றார்.

"வீண்னு நான் சொல்லல."

மூன்று நிமிஷம் ஆனது. சிவப்பு மூடிப் புட்டியில் பிடித்தாள், மூடினாள், சீல் வைத்தாள். படிவத்தில் 'குழாய் மூடியிருந்த நேரம்: பதின்மூன்று மணி' என்று எழுதினாள். ஓடவிட்ட நேரம் என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை, ஓடவிடவே கூடாது என்பதால் யாரும் அதை அச்சடிக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு போட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ஐஸைச் சரிசெய்யும்போதுதான் சிவப்பு மூடி அவள் கண்ணில் பட்டது. திரும்பிப் போய் இன்னொன்று எடுக்க முடியாது, குழாய் திறந்தாகிவிட்டது, பிள்ளைகள் வந்திருப்பார்கள். மறுபடி எடுக்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் எழுதினால் அவ்வளவுதான், முதல் தண்ணீரைக் கெடுத்தவரை வெளிவேலையில் வைக்க மாட்டார்கள். வெளிவேலை இல்லையென்றால் குழாய் இல்லை, குழாய் இல்லையென்றால் சாவிக்காரர் இல்லை. சந்தில் கிடைத்த அந்த மூன்று நிமிஷமும் போய்விடும். பார்க்கலாம், அப்படியும் ஈயம் தெரியலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு தெரிந்த ஒருத்தி சொல்லிக்கொள்ளக் கூடிய பொய் இல்லை அது.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. தண்ணீர் சுத்தம். தையல்காரிக்குக் கடிதம் போனது. அதற்கு மூன்றாம் நாள் அவளே அந்தக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆணையத்துக்கு வந்துவிட்டாள். சண்டை போட வந்திருந்தால்கூடத் தேவலை. நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"தண்ணியில ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கீங்க, அதுவே பெரிய நிம்மதிம்மா. அப்போ எங்க வீட்லதான் எங்கயோ இருக்கு. இருந்த பாத்திரத்த எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். சுவத்துப் பெயிண்ட முழுக்கச் சுரண்டிட்டேன்" என்று விரல்களைக் காட்டினாள். நகங்களைச் சுற்றிப் புண்ணாக இருந்தது. "எம் பிள்ளைக்கு நானே விஷம் வச்சிருக்கேனேன்னு நினைச்சா தூக்கம் வரல. அவ பள்ளிக்கூடத்துலயாவது நல்ல தண்ணி குடிக்கட்டும்னு, வீட்ல குடிக்காதடி, அங்கயே நிறையக் குடிச்சிட்டு வான்னு சொல்லி அனுப்புறேன்."

சாம்பிளம்மா எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். "பள்ளிக்கூடத்துலயும் குடிக்க வேணாம்மா" என்றாள். "நாளையிலேருந்து புட்டியில குடுத்து அனுப்புங்க. ஏன்னு உங்களுக்கு ஆணையமே எழுதும்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா முழுதாகக் கேட்டாள், அதுவே அதிசயம்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"அவரும்தான பாத்துக்கிட்டு நின்னாரு? அவரு பேரையும் போட்டியா?"

"என் கைதானக்கா குழாயத் திறந்துச்சு."

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன" என்றாள் அக்கா. பிறகு வழக்கமில்லாத வழக்கமாகத் தங்கையின் தலையைக் கோதிவிட்டாள். "இந்த வயசுல போய் இப்படி ஏங்கிக் கிடப்பியாடி? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

விசாரணை ஆணையத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேஜையின் தலைமாட்டில் இயக்குநர் அம்மாள். ஒரு பக்கம் சாம்பிளம்மா, எதிர்ப்பக்கம் கம்பெனியின் சட்ட அதிகாரியும் சாவிக்காரரும். கோடியில், சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்துகொண்டு பதிவேட்டுக்காரர். பதிவேடுகளையெல்லாம் கட்டிக் காப்பவர் அவர். எதற்கும் முகம் மாறாத ஆள்.

இயக்குநர் நல்ல மனுஷி. அவரே எடுத்துக் கொடுத்தார். "ஆயிரம் தடவ செஞ்ச வேலை. பழக்கத்துல கை போயிடுச்சு. அப்படித்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு விட்டிருப்பார்கள், ஆறு மாதத்தில் வெளிவேலைகூடத் திரும்பக் கிடைத்திருக்கும். சாம்பிளம்மாவுக்கு அந்த விரல் நகங்கள் ஞாபகம் வந்தன.

"பழக்கம் பாதிதான் மேடம்."

"மீதி?"

"ஆறு மாசமா இவரப் பாக்கல. மூணு நிமிஷம் பக்கத்துல நிக்கணும்னு இருந்துச்சு. கை குழாய் மேல போனப்ப எனக்குள்ள ஏதோ ஒண்ணு இது வேணாம்னு சொல்லுச்சு. நான் காதுல போட்டுக்கல."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "இத எழுதணுமா மேடம்?" என்று கேட்டார் பதிவேட்டுக்காரர்.

"சொல்றத எழுதுறதுதான உங்க வேலை" என்றார் இயக்குநர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "எழுதுங்க."

சட்ட அதிகாரி தொண்டையைச் செருமினார். "எங்க ஊழியர் இதக் கவனிக்கல. புட்டியில அவர் போட்ட கையெழுத்து வெறும் நடைமுறை. முதல் முடிவே செல்லும்ங்கிறதுதான் எங்க—"

"கவனிச்சேன்" என்றார் சாவிக்காரர்.

சட்ட அதிகாரி அவர் முழங்கையைத் தொட்டார். அவர் கையை நகர்த்திக்கொண்டார். "சிவப்பு மூடிய நான் முதல்லயே பாத்துட்டேன். ஓடவிடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். அவங்களுக்காவது மறந்துச்சு. எனக்கு மறக்கல. அந்த முதல் முடிவு செல்லாது மேடம்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அதே காரணம்."

பதிவேட்டுக்காரர் நிமிர்ந்தார். "அதே காரணம்னு போட்டாப் போதுமா, விரிவாப் போடணுமா?"

"அதே காரணம்னே போடுங்க" என்றார் சாவிக்காரர். "அவங்க நல்லாத்தான் சொல்லியிருக்காங்க."

பதினோரு வருஷமாகப் பதிவாகாமல் காத்த ஒன்று, மூன்று பிரதிகளில் தட்டச்சாகி வந்தது. படித்துப் பார்த்துச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கையெழுத்திட்டார். தாள் மேஜையைச் சுற்றி அவளிடம் வந்தது. அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர் எழுதினாள். அதன்பிறகு வழக்கப்படி அவர்கள் ஒரு கதவாலும் இவர்கள் ஒரு கதவாலும் வெளியே போனார்கள்.

வேறொருவர் போய் முதல் தண்ணீரைப் பிடித்து வந்தார். அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு ஈயம். ஐந்து குழாயையும் அன்றே மூடினார்கள், முப்பது நாளில் தெருவிலிருந்து உள்ளே வரை குழாயை மாற்ற வேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டது, இருபத்தாறாம் நாள் மாற்றினார்கள். தையல்காரிக்கு ஆணையம் நீளமாக ஒரு கடிதம் எழுதியது. சாம்பிளம்மா தனியாக ஒன்று எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அவளை உள்வேலைக்கு மாற்றினார்கள். ஜன்னலோர மேஜை, புகார்க் கடிதங்களைப் பிரித்து எண் போடும் வேலை. ஐஸ் பெட்டியை ஒப்படைத்தாகிவிட்டது. குளிர்காலச் சுற்று நாள் வந்தபோது காலையில் பழக்கத்தில் இரண்டாம் தடவை தலை சீவப் போனாள், சீப்பைக் கீழே வைத்தாள். அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அன்று ஆபீஸில் எட்டு மணி, எட்டரை, ஒன்பது என்று ஒவ்வொரு குழாயாக அவள் மனசு போய் நின்றுவிட்டு வந்தது. யார் நிற்பார்கள் இப்போது அங்கே? ஒருவேளை மறுபடியும் அந்தக் கைபேசிக்காரன்தானோ? ஏக்கம் என்றால் இவ்வளவு வலிக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்று மணி சுமாருக்குப் பதிவேட்டுக்காரர் ஒரு தடிப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். தொடர்புப் பதிவேடு.

"சந்திக்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம். உங்க பேருக்கு. ஏழு நாளைக்குள்ள சம்மதம், மறுப்பு ரெண்டுல ஒண்ணு எழுதணும்" என்றார். "சாவிக்காரர் போன வெள்ளிக்கிழமையோட வேலைய விட்டுட்டார். இன்னும் ஒன்றரை வருஷ சர்வீஸ் இருந்துச்சு."

ஏன் இத்தனை வருஷமாக அவர் வேலையை விடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வாய்விட்டுச் சொல்லாத ஒன்றுக்காக யார் வேலையை விடுவார்கள்? இப்போது சொல்லியாகிவிட்டது, மூன்று பிரதிகளில்.

"தேதியப் பாருங்க" என்றார் பதிவேட்டுக்காரர். "கடைசி வேலை நாள்லேருந்து சரியா ரெண்டு வருஷமும் ஒரு நாளும். அன்னைக்குச் சட்டப்படி பதிவே தேவையில்லன்னு அவர்கிட்டச் சொல்லிப் பாத்தேன். பரவால்ல, எழுதிக்கோங்கன்னார். இதுவரைக்கும் என் சர்வீஸ்ல யாரும் ரெண்டு வருஷம் முன்னாடியே வந்து பதிஞ்சதில்ல."

அவள் வரியின்மேல் விரல் வைத்துக் கட்டம் கட்டமாகப் படித்தாள். கோருபவர்: முன்னாள் பகுதி மேற்பார்வையாளர். காரணம்: சொந்த விஷயம். கடைசிக் கட்டம், உத்தேச நேரம். வழக்கமாக அதில் பத்து நிமிஷம், அரை மணி என்று இருக்கும். சாவிக்காரர் தன் குண்டு குண்டான எழுத்தில், 'ஒரு முழு நாள்' என்று எழுதியிருந்தார்.

"அவ்வளவு நேரம் எதுக்குன்னு கேட்டேன், சொல்லல" என்றார் பதிவேட்டுக்காரர். "ஏழு நாள் இருக்கும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"பேனா குடுங்க" என்றாள் அவள். சம்மதம் என்று எழுதி, கீழே தேதி போட்டாள்.